கையில் ஒரு டின்

கோலா தெம்பெலிங் ஜெட்டியில் படகேறும்போதே தூறல். தாமான் நெகாராவின் வாசலான கோலா தஹான் வரை இப்போது தார்ச்சாலை இருக்கிறது. ஆற்றுவழி என்றால் 60 கிலோமீட்டர், எதிர்நீச்சலில் மூன்று மணி நேரம். “காரிலேயே போயிடலாம் மாமா” என்றான் தங்கை மகன். நான்தான் கேட்கவில்லை.

ஒல்லியான மரப்படகு. விளிம்புக்கும் ஆற்றுக்கும் ஒரு சாண். கால் மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூரை இருந்தது, சாரலுக்குக் கூரை என்ன செய்யும்? மலாய்க்காரப் படகோட்டி, பாதியாக வெட்டிய எண்ணெய் டின் ஒன்றை என் காலருகே தள்ளிவிட்டுக் கையை அசைத்துக் காட்டினார். இறைக்க வேண்டுமாம். காசு கொடுத்து ஏறியவன் அதோடு வேலையாள் ஆனேன்.

குனிந்து நிமிரும்போதெல்லாம் ஒரு துண்டு காடு கண்ணில் பட்டது. இரு கரையிலிருந்தும் ஆற்றின் மேல் சாய்ந்து கிடக்கும் நெராம் மரங்கள். கழுத்தளவு நீரில் எருமைகள், மழையைச் சட்டை செய்யாமல். ஆறு தே தாரிக் நிறத்துக்கு மாறியிருந்தது. மிதந்து வரும் கட்டைகளைப் படகோட்டி எப்படித்தான் முன்கூட்டியே கண்டாரோ, திடீரென்று எஞ்சினைத் தணித்து ஒதுங்குவார். சற்றுக் கழித்துத்தான் கட்டை நம்மைக் கடக்கும்.

13 கோடி வருடப் பழமையான காடு என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். அந்த எண் என் மண்டையில் ஏறுவதில்லை. 1938, 39-இல் பகாங், கிளந்தான், திரெங்கானு சுல்தான்கள் ஒதுக்கிக் கொடுத்த 4,343 சதுர கிலோமீட்டர் என்றால் ஏதோ புரிகிறது. அன்று ஐந்தாம் ஜார்ஜ் பெயரை வைத்திருந்தார்கள். நாடு விடுதலையானதும் வெறும் ‘தேசியப் பூங்கா’ என்றே ஆக்கிவிட்டார்கள், அதுதான் தாமான் நெகாரா. எனக்கு அந்த வெறுமை பிடிக்கும்.

கூடாரம் போட்ட இடத்தில் அட்டை. மருமகன் துள்ளினான். பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது காலில் சவுக்காரம் தேய்த்துக்கொள்வார்; நானும் தேய்த்துவிட்டேன். பாதிக்குப் பாதி பலித்தது.

இந்தக் காட்டிலேயே வாழும் பதேக் மக்கள் ஓலையால் ஒரு பக்கச் சாய்ப்புக் கட்டி அதனடியில் படுக்கிறார்கள். கடையில் முந்நூறு ரிங்கிட்டுக்கு வாங்கிய எங்கள் கூடாரமோ தையலோரம் ஒழுகியது. மழை பத்து மணிக்கு விட்டது. மரங்கள் விடவில்லை. மேலிலை கீழிலைக்குக் கொடுத்து, அது எங்களுக்குக் கொடுத்து, இரவு இரண்டு மணி வரை சொட்டு. கோப்பையால் தரையிலிருந்து மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். தவளைகள் போட்ட சத்தத்தில் எங்கள் புலம்பல் எங்களுக்கே கேட்கவில்லை.

திரும்பும்போதும் மழைதான். ஆற்றோட்டம் எங்கள் பக்கம், படகு பறந்தது. ஏறியதும் மருமகன் முந்திக்கொண்டு டின்னை எடுத்துவிட்டான். “நீங்க மரத்தப் பாருங்க மாமா.” பார்த்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.