தும்பியின் கண் விலைக்கு வருமா?

இங்கிலாந்தின் கிரைஸ்டேல் காட்டில், 2015ஆம் ஆண்டு, கலைஞர் சிலர் மக்களின் தலையில் மெய்நிகர்க் கவசம் மாட்டினர். கொசுவாய், தும்பியாய், தவளையாய், ஆந்தையாய்க் காட்டைக் காணுங்கள் என்றனர். நம் பிள்ளைகளுக்கும் இயற்கையை இவ்வாறே கற்பிக்கலாம் என்பார் உளர்.

காட்சி அழகியதாகலாம்; அதை மறுக்கவில்லை. தும்பியின் கண்ணாலேயே கண்டோம் என்பதை எங்ஙனம் ஏற்பது? தும்பி புறஊதா ஒளியையும் காணும். கவசத்தின் திரையோ மனிதக் கண்ணுக்கென அமைந்த சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையே உமிழும். புறஊதாவை உமிழ்ந்தாலும் நம் விழிவில்லையே அதைப் பெரிதும் தடுத்துவிடும்! ஆகவே அங்கே கண்டது தும்பியின் உலகன்று. தும்பியின் பெயரால் மனிதன் தீட்டிய ஓவியம். பறவைகளின் மொழி சுலைமான் நபிக்கு (அலை) அருளப்பட்டது, கடையில் வாங்கப்பட்டதன்று.

பெற்றோர்களே! நம் பருத்திப்பட்டு ஏரிக்கரையிலும் தும்பிகள் பறக்கின்றன. நமக்கு வாய்த்த இந்தக் குறைக் கண்ணாலேனும் அவற்றைக் காண, எந்தப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றோம்?