யென்சனும் எமது குடும்பப் பெயரும்

டென்மார்க்கில் யென்சன் என்னும் குடும்பப் பெயரைத் தாங்குவோர் இரண்டு இலட்சத்துக்கும் அதிகம். இவர்கள் அனைவரும் ஒரே குலத்தினரோ? அல்லர். யென்சன் என்பதன் பொருள் 'யென்ஸ் என்பவரின் மகன்' என்பதே. ஊர்தோறும் பல யென்ஸ்கள் வாழ்ந்தமையால் ஊர்தோறும் யென்சன்கள் தோன்றினர்.

முற்காலத்தில் இப்பெயர் தலைமுறைதோறும் மாறியது. யென்சின் மகன் பீட்டர், பீட்டர் யென்சன் ஆனான். அவனுடைய மகன் நீல்ஸ், நீல்ஸ் பீட்டர்சன் ஆனான்; மகள் ஆனா, 'பீட்டரின் மகள்' எனப் பொருள்படும் பீட்டர்ஸ்டாட்டர் என்னும் பெயரைப் பெற்றாள். உயர்குடியினர் நிலையான குடும்பப் பெயர் கொள்ளவேண்டுமென 1526இல் அரச ஆணை பிறந்தது. 1828ஆம் ஆண்டு ஆணையோ, திருமுழுக்கின்போதே குழந்தையின் குடும்பப் பெயரையும் பதியுமாறு பணித்தது. உழவர் பெரும்பாலோர் தந்தைவழிப் பெயரையே நிலைநிறுத்தினர். காலப்போக்கில் பெண்களும் 'மகன்' என்னும் ஈற்றையே தாங்கலாயினர். 2006இல் நடைமுறைக்கு வந்த பெயர்ச் சட்டம் 'மகள்' என்னும் ஈற்றுக்கு மீண்டும் வழி திறந்தது. தாயின் பெயரோடும் அதனைச் சேர்க்கலாம்.

இவ்வரலாறு எமக்கு அயலானதன்று. தந்தையின் பெயரை முன்னிட்டுத் தன் பெயரைச் சொல்வது எம் மரபு. கந்தையாவின் மகன் சிவலிங்கம், கந்தையா சிவலிங்கம் ஆவார். அவர் மகள் சிவலிங்கம் மாலதி ஆவாள். மகனுக்கும் மகளுக்கும் பொருந்தும் இம்முறையில் பெண்ணை 'மகன்' என அழைக்கும் பிழை நேராது. ஆயினும் இந்நாட்டின் படிவங்கள் குடும்பப் பெயர் ஒன்றைக் கேட்கின்றன. கந்தையா என்று எழுதினோமாயின், பேரப்பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் கந்தையா ஆகிவிடுகின்றனர். டெனிஷ் மக்களுக்கு 1828இன் பின் நிகழ்ந்தது எமக்கு இன்று நிகழ்கின்றது.

பெயர் நிலைபெறுவதில் தவறில்லை என்பதே எமது கருத்து. ஆனால் தம் பெயரிலுள்ள யென்ஸ் யார் என்பதை இன்று எத்தனை யென்சன்கள் அறிவர்? அந்நிலை எம் பிள்ளைகளுக்கு வரலாகாது. கந்தையா எவ்வூரில் பிறந்தார், என்ன தொழில் செய்தார் என்பதைச் சொல்ல வல்லவர்கள் இன்னும் எம் வீடுகளில் இருக்கின்றனர்.

பெற்றோரே, தந்தைவழி, தாய்வழி ஆகிய இரு வழியிலும் நான்கு தலைமுறைப் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மாணவச் செல்வங்களே, பாட்டன் பாட்டியிடம் இன்றே கேளுங்கள். பெயரைப் பதிவேடு காக்கும். பெயருக்குரியவரை நாமே காக்கவேண்டும்.