கூலியும் கணக்கும்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்வோர் நம் குடும்பங்களில் பலர். தொழிலாளியின் மனக்குறை எங்கே பிறக்கிறது என்பதற்கு மாநில எல்லைக்கு அப்பால் ஒரு பாடம் உண்டு.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் நரசாபுராவில், ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையை 2020 டிசம்பர் 12 அன்று அதன் தொழிலாளர்களே அடித்து நொறுக்கினர். வன்முறையை மார்க்கம் ஏற்காது. ஆயினும் அதன் காரணத்தை மறைத்தல் நீதியாகாது. வேலை நேரம் 12 மணியாக மாற்றப்பட்டது. வருகைப் பதிவு குளறுபடியானது. சம்பளம் குறைந்தும் தாமதித்தும் வந்தது. பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்தியப் பொறுப்பிலிருந்த துணைத் தலைவரை நீக்கியது.

வேலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என எச்சரிக்கும் நபிமொழி புகாரியில் உள்ளது. அந்த எச்சரிக்கை நம் கடைக்கும் பட்டறைக்கும் உரியது. கூலியையும் வேலை நேரத்தையும் முன்பே பேசி எழுதி வையுங்கள். மிகைநேரத்தைக் கணக்கில் சேருங்கள். சொன்ன நாளில் சம்பளம் கொடுங்கள்; தாமதமானால் காரணத்தை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். குறை சொல்ல வருபவரை அமரச் செய்து கேளுங்கள். பணியாளரின் மனநிறைவும் நம் வருவாயின் தூய்மையும் இவற்றைச் சார்ந்தே நிற்கின்றன.