பழத்தின் படம் பழமாகாது

மலாக்கா மாநிலத்தில் டுரியான் துங்கால் என்றோர் ஊர் உண்டு. ஒற்றை டுரியான் என்பது அப்பெயரின் பொருள். மரத்தின் பெயரையே ஊருக்கு இட்டு வழங்கும் இம்மாநிலத்தில், பாலர் வகுப்புச் சுவர்கள் பலவற்றில் தொங்குவன யாவை? ஆப்பிளும் பேரிக்காயும் திராட்சையுமே! பருவங்களைக் கூறு என்றால், வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என ஒப்பிக்கிறது ஐந்து வயதுக் குழந்தை. பனியையே காணாத பிள்ளையின் வாயில் பனிக்காலத்தைத் திணிப்பது கல்வியாகுமா?

தமிழர் வகுத்த பெரும்பொழுது ஆறும்கூட இம்மண்ணுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆயினும், நிலமும் பொழுதுமே முதற்பொருள் எனத் தொல்காப்பியர் கண்ட நெறி எங்கும் பொருந்தும். இந்நிலத்தின் பொழுதை மரங்களே அறிவிக்கின்றன. சில வாரங்கள் மழை குறைந்து வெயில் காய்ந்தால் டுரியான் பூக்கிறது. இரவில் விரியும் அப்பூவை வௌவால் நாடி வருகிறது. மூன்று நான்கு திங்களில் கனி உதிர்கிறது. பெரும்பாலும் ஆண்டின் நடுவில் டுரியானும் மங்குஸ்தீனும் ரம்புத்தானும் ஒருசேரச் சந்தைக்கு வருகின்றன.

இவற்றைக் குழந்தையின் கையில் கொடுங்கள். மங்குஸ்தீனைக் கவிழ்த்தால் அடியில் சிறு பூவடிவம் தெரியும். அதன் இதழ்கள் எத்தனையோ, உள்ளே சுளைகளும் அத்தனையே. குழந்தை முதலில் எண்ணட்டும். பின் உள்ளிருப்பதை ஊகிக்கட்டும். அதன்பின் ஆசிரியர் பழத்தைப் பிளந்து காட்டட்டும். எண்ணலும் ஊகமும் சரிபார்த்தலும் ஒரே கனியில் அடங்கிவிடுகின்றன. ரம்புத்தான் கொட்டையைக் காயவிடாமல் மண்ணில் ஊன்றி, முளைவிடும் நாளைக் குறித்து வைக்கட்டும். தோல், முள், காம்பு, சுளை, பிசின் என்னும் தமிழ்ச் சொற்கள் நாவிலும் விரலிலும் ஒருங்கே பதியும்.

நேரமில்லை, உடை கறைபடும், கொட்டை தொண்டையில் சிக்கும் என்பர். இறுதியில் கூறியது நியாயமான அச்சமே. கொட்டையை நீக்கித் தருவது ஆசிரியர் கடமை. கறையோ துவைத்தால் மங்கும். மழுங்கிய ஆர்வத்தை எதைக்கொண்டு துலக்குவது? பெற்றோர் பயிற்சித் தாளையே கேட்கின்றனர் என்பது மற்றொரு சாக்கு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. அதன் நிழல் மட்டும் பாலர் வகுப்பில் ஏன் நீடிக்க வேண்டும்? 1837இல் ஜெர்மனியில் தாம் தொடங்கிய பாலர் நிலையத்துக்குப் புரோபல் பின்னர் இட்ட பெயரே குழந்தைகளின் தோட்டம் என்பதன்றோ! 1939இல் சென்னைக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரியும் கைவழியே அறிவு வளரும் என்றுதான் வலியுறுத்தினார்.

தோட்டத்தில் வளர்ந்த முன்னைத் தலைமுறைக்கு இப்பாடம் தேவைப்படவில்லை. லயத்துக்குப் பின்னால் மரம் இருந்தது. பருவத்தை மரமே கற்பித்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் அலோர் காஜாவுக்கும் ஜாசினுக்கும் மலாக்கா நகருக்கும் பெயர்ந்தன. இன்றைய பிள்ளைக்குப் பழம் என்பது பேரங்காடியில் விலைச்சீட்டு ஒட்டிய பொருள்! மரத்தடி கற்பித்ததை இனிப் பள்ளிதான் கற்பிக்க வேண்டும்.

தமிழாசிரியர்களே, ஆசிரியப் பணிக்கு வரவிருக்கும் மாணவர்களே! அடுத்த பழப் பருவம் தொடங்குமுன் சுவரிலுள்ள ஆப்பிளைக் கழற்றுங்கள். சந்தைக்குச் சென்று ஒரு கூடை மங்குஸ்தீன் வாங்கி வாருங்கள். மண்ணை அறியாத பிள்ளையிடம் மொழி வேர்விடாது.