விதுராவில் தவறிய திருப்பம்

பொன்முடி மலைக்கு என்று முதன்முதலில் சைக்கிளில் கிளம்பிய நாளில் நான் ஏறிக்கொண்டிருந்தது போணக்காட்டுச் சாலையில். ஜூன் மாத ஞாயிறு. நெடுமங்காடு வரை தூறல்தான். விதுராவை நெருங்கும்போது மழை வலுத்துவிட்டது. ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் உறைக்குள் கைப்பேசி. உறைமேல் விழுந்த துளிகளை விரல் என்று எடுத்துக்கொண்டு, திரை வரைபடத்தைத் தானாக நகர்த்தியது, சுருக்கியது, பெரிதாக்கியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டு, விதுரா முக்கில் கண்ணில் பட்ட சாலையில் திரும்பினேன். ஐந்தாறு கிலோமீட்டர் போய் ஒரு சாயாக்கடையில் ஒதுங்கினபோது கடைக்காரர் சொன்னார்: "இது பொன்முடி வழியல்ல சேட்டா, போணக்காட்டுக்குள்ள வழியா."

அந்த மாதமே, ஹேண்டில்பாரில் மாட்டி வழிகாட்டும் சைக்கிள் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். இப்போது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலைக்கு வந்திருக்கும் என் மருமகனுக்கும் ஒன்று வேண்டுமாம். "மாமா, நாலாயிரத்துக்கும் இருக்கு, எழுபதாயிரத்துக்கும் இருக்கு. எதுல என்ன வித்தியாசம்னே பிடிபடல்ல" என்றான்.

"நீ எந்த ரோட்டுல ஓட்டப்போற, அத முதல்ல சொல்லு மக்கா" என்றேன்.

விடிகாலையில் கவடியாரிலிருந்து சங்குமுகம் வரை மட்டும் போய் வருகிறவருக்கு இந்தக் கருவி தேவையே இல்லை. வழி தெரிந்த சாலை. ஓடிய தூரத்தைச் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியே குறித்துக்கொள்ளும். ஆனால் இவன் மலை ஏறப்போகிறான். அடுத்து 200 கிலோமீட்டர் பிரவே, அதாவது நேரக்கெடு வைத்த நெடுந்தூரப் பயணம், ஓட்டவும் ஆசை. பிரவேயில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 600 கிலோமீட்டருக்கு 40 மணி. அங்கே வழி தவறினால் இழப்பது நேரத்தை மட்டுமல்ல, காலில் மிச்சமிருக்கும் பலத்தையும்.

என் கருத்தில், இந்த ஊர்க்காரர் மழையையும் ஏற்றத்தையும் நினைத்துத்தான் இதை வாங்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற ஊர் இது. அதனால் நான் முதலில் பார்ப்பது பொத்தான். நனைந்த கட்டைவிரலுக்கும் கையுறைக்கும் அடங்குவது அதுதான். கார்மின் எட்ஜ் 540, 840 இரண்டும் 2023இல் வந்தவை. இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு தொடுதிரை. 840இல் பொத்தானோடு அதுவும் உண்டு. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க இந்த ஊரில் எனக்குக் காரணம் தெரியவில்லை. இன்னொன்று, ஐ.பி.எக்ஸ்.7 என்று பெட்டியில் போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். சார்ஜ் ஏற்றும் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து பவர் பேங்க்கைச் செருகிக்கொண்டு மழையில் ஓட்டினால் அந்த உறுதியை நம்ப முடியாது. ஆகவே உங்கள் மிக நீளமான பயணத்தை விட அதிக நேரம் பேட்டரி நிற்க வேண்டும். பிரைட்டன் ரைடர் 420க்கு 35 மணி, எட்ஜ் 540க்கு 26 மணி என்று கம்பெனிகள் சொல்கின்றன. வழிகாட்டலும் சென்சார்களும் சேரும்போது அது குறையும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலும் உண்டு. கைப்பேசித் திரை உச்சி வெயிலோடு போட்டிபோட வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிச் சூடாகி, தானே மங்கிவிடும். இந்தக் கருவிகளில் பலவற்றின் திரை வெயிலைத் திருப்பியடித்தே எழுத்தைக் காட்டுகிறது. வெயில் ஏற ஏறத் தெளிவு கூடும்.

இனி ஏற்றம். பொன்முடிச் சாலைக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேரும் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது இந்த மலையில்தான். கல்லாறு தாண்டியதும் மரங்கள் வானத்தை மூடிக்கொள்ளும். செயற்கைக்கோள் மட்டுமே கதி என்றிருக்கும் கருவி அங்கே உயரத்தைத் தடுமாறித்தான் சொல்லும். கிடைமட்டப் பிழையை விட உயரத்தில் பிழை பொதுவாக அதிகம். காற்றழுத்தமானி வைத்த கருவியே வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். கடல்மட்டத்தருகே எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும், அதை அது உணரும். அதன் குறையும் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணியளவில் உச்சத்திலும் மாலை நான்கு மணியளவில் தாழ்விலும் இருக்கும், தினமும். காலையில் கிளம்பி மாலையில் அதே வாசலுக்குத் திரும்பினாலும் வீடு இருபது மீட்டர் உயர்ந்துவிட்டதாகக் கருவி சொன்னால் பழுது என்று கடைக்கு ஓடாதீர்கள். மழைநீரோ வியர்வை உப்போ அதன் ஊசித்துளையை அடைத்தால் எண்கள் வெறிபிடித்ததுபோல் குதிக்கும். நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

வளைவுகள் தூரத்தையும் தின்னும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போடுகிற கருவி, கொண்டை ஊசியின் வயிற்றை வெட்டிவிடும். ஒவ்வொரு நொடியும் பதியும்படி அமைப்பை மாற்றுங்கள். சக்கரத்தின் ஹப்பில் ஒரு வேக சென்சார் மாட்டுங்கள். 28 மில்லிமீட்டர் டயர் ஒரு சுற்றுக்கு 2,136 மில்லிமீட்டர் ஓடும். அதை எண்ணுவதற்கு வானம் தேவையில்லை.

வானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொன்முடியில் மேகம் விலகும் நாளில் அகத்தியர்கூடம் தெரியும். சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன், அந்த மலைமேல் இன்னொரு ஆய்வுக்கூடம் கட்டிக் காந்த ஊசியின் அசைவுகளைப் பதிவு செய்தார். காரணம், காந்த நடுக்கோடு இந்தப் பகுதியில் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏறியதற்கும் அதே கோடுதான் காரணம். ராக்கெட்டின் மூக்குப் பகுதியைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப்போகும் படத்தைப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் எடுத்ததும் தும்பாவில்தான். சைக்கிள்காரருக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சூரியன் மறைந்தபின், மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் அதிகமாக, இந்தக் கோட்டின்மேல் அயனி மண்டலம் குமிழ் குமிழாகக் கலங்கும். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். சிக்னல் அதைத் துளைத்துக்கொண்டு வரவேண்டும். பல செயற்கைக்கோள் கூட்டங்களையும் இரண்டு அலைவரிசைகளையும் கேட்கும் கருவி அப்போது கொஞ்சம் திடமாக நிற்கும். மரத்தடியிலும் கட்டிடங்களுக்கு நடுவிலும்கூட அது உதவும். பணம் இருந்தால் சரி. பொத்தானையும் காற்றழுத்தமானியையும் விட்டுக்கொடுத்து அதை வாங்க வேண்டாம்.

வழிகாட்டலில் விலைக்கு விலை தரம் மாறும். விலை குறைந்தவை வெறும் திரையில் ஒரு கோடு காட்டும். கோட்டை விட்டு விலகினால் விலகிவிட்டாய் என்று மட்டும் சொல்லும். ஊருக்குள் சந்து எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத திருவனந்தபுரத்தில் இது போதாது. சாலை வரைபடம் உள்ளேயே பதிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மலையில் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது. வழித்தடத்தை மட்டும் தாங்கிய ஜி.பி.எக்ஸ். கோப்பில் பெரும்பாலும் திருப்பக் குறிப்புகள் இருக்காது என்பதையும் மருமகனிடம் சொன்னேன். வழியை வீட்டிலேயே வரைந்து, திருப்பங்களோடு ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அந்த வரைபடமும் தவறும். 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறையில், செயலி காட்டிய வழியை நம்பி வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் மழைவெள்ளத்தில் ஓடைக்குள் இறங்கியது. நால்வரும் உயிர் தப்பினார்கள். சைக்கிள் கருவிகள் பலவற்றில் இருப்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்; தன்னார்வலர்கள் வரைவது. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தின் சாலைகளையும் கட்டிடங்களையும் எத்தனையோ பேர் இரவிரவாக உட்கார்ந்து அதில் சேர்த்தார்கள். நாம் திரையில் பார்க்கும் ஒவ்வொரு இடைவழிக்குப் பின்னாலும் அப்படி யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

மருமகன் பொத்தான் வைத்த, நடுவிலைக் கருவி ஒன்றை வாங்கினான். மிச்சப் பணத்தில் வேக சென்சாரும், குழியில் விழுந்து கழன்றால் பிடிக்க ஒரு கயிறும். போன ஞாயிறு ஸ்ரீகார்யத்தில் அவன் அறைக்குப் பின்புறம், சாலை என்று கருவி காட்டிய வழி நாற்பது படிகளில் போய் முடிந்தது. சைக்கிளைத் தோளில் சுமந்து இறங்கினான். அன்றிரவே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் திறந்து, அந்தத் துண்டை அழித்துப் படிக்கட்டு என்று வரைந்தான். "மாமா, சரியா வரைஞ்சிருக்கேனான்னு ஒருதடவ பாருங்க" என்று அனுப்பியிருந்தான். இன்று மாலை மழை விட்டால் நேரில் போய் எண்ணிப் பார்க்கப்போகிறேன்.