வெள்ளத்தில் மிதந்து வருவதையும் கணக்கில் எடுங்கள்

வேலப்பன்சாவடி கடலோர ஊர் அல்ல. ஆனாலும் கடலோர வெள்ளத்தில் மிதக்கும் பொருள்களால் வரும் ஆபத்தைப் பற்றி எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் பேசக் காரணம், கூவம். எங்கள் பகுதியைக் கடந்து கோயம்பேடு, சேத்துப்பட்டு, சிந்தாதிரிப்பேட்டை வழியாக நேப்பியர் பாலத்தருகே கடலில் சேரும் ஆறு அது. இங்கே கரையில் கிடப்பது அங்கே போய் மோதும். புயலில் கடல் பொங்கி முகத்துவாரத்தில் எதிர்த்து நின்றால், வெள்ளத்தோடு அதுவும் நகருக்குள்ளேயே தேங்கும்.

கூவத்துக்கான வெள்ள அபாய மதிப்பீடு எதுவானாலும், நீர் எவ்வளவு ஏறும் என்பதோடு, அதில் எது மிதக்கும், எங்கே சிக்கும், எதில் மோதும் என்பதையும் சொல்ல வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

இந்தப் பக்கத்துத் தரைப்பாலங்களைப் பாருங்கள். பெருமழையில் ஆகாயத்தாமரை முதலில் வந்து பாலத்தின் கண்களை அடைக்கும். அதன்மேல் வாழைமட்டை, தெர்மாகோல், பழைய மெத்தை, சென்ட்ரிங் பலகை என்று ஒவ்வொன்றாக ஒட்டும். கொஞ்ச நேரத்தில் பாலமே அணையாகிவிடும்; தண்ணீர் பக்கவாட்டில் கரையை அரித்துக்கொண்டு தெருவுக்குள் நுழையும்.

மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலைப் பணியை 2012-இல் மாநில அரசு நிறுத்தியது, ஆற்றுக்குள் நிற்கும் தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று சொல்லித்தான். பணி பிறகு மீண்டும் தொடங்கியது. ஆறு எவ்வளவு நீரைக் கொள்ளும் என்று பார்க்கும்போது தூணின் பருமனைக் கழித்தால் மட்டும் போதாது. அதில் சிக்கும் குப்பையின் அகலத்தையும் கழிக்க வேண்டும்.

மோதலும் சிறிய விஷயமல்ல. 2004 சுனாமியில் நாகப்பட்டினத்து விசைப்படகுகள் பாலத்திலும் வீடுகளிலும் போய் மோதின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து சென்றதை நாடே பார்த்தது. இரண்டடித் தண்ணீரிலேயே பெரும்பாலான கார்கள் மிதந்துவிடும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். அமெரிக்காவின் கட்டுமான விதிகள் சுனாமியில் அடித்து வரும் மரத்தடி, வாகனம், கன்டெய்னர் ஆகியவற்றின் மோதலைக் கணக்கிடச் சொல்கின்றன. சென்னைக்கும் அது வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். கரையோரக் குடிசைகளை மிதக்கும் பொருள் என்று எழுதி, அங்குள்ளவர்களைப் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்ப இந்த மதிப்பீடு சாக்காகக் கூடாது. மிதந்து வருவது முதலில் தாக்குவது அவர்களைத்தான்.

நீர்வளத்துறையும் உள்ளாட்சிகளும் ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் திருவேற்காட்டிலிருந்து முகத்துவாரம் வரை கரையை நடந்து பார்த்து, மிதக்கக்கூடியவற்றைப் பட்டியலிட்டு வெளியிட வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே பாலக்கண்களில் அடைப்பெடுக்க இயந்திரமும் ஆளும் தயாராக நிற்க வேண்டும்.

கரையோரத்தில் கிடங்கும் பட்டறையும் வைத்திருப்போரே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் டீசல் டிரம், கேஸ் சிலிண்டர், மரப்பலகைகளை மேட்டுக்கு ஏற்றுங்கள்; முடியாதவற்றைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.