உயரம் பாம்புக்கா, பார்ப்பவருக்கா?

நாலடி உயரக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பாசி, பெரணி, மணி பிளான்ட், ஒரு மரக்கட்டை. மேலே விளக்கு. எல்லாம் தயாரான பிறகுதான் கேள்வி வருகிறது: இதற்குள் எந்தக் கார்ட்டர் பாம்பை விடலாம்? அமெரிக்க, ஐரோப்பியப் பாம்புப் பிரியர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. வீடியோ பார்த்துவிட்டு அதே ஆசையில் அலைகிற தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. ஆனால் கேள்வியே கோளாறு. செருப்பை வாங்கி வைத்துவிட்டு அதற்கேற்ற காலைத் தேடுகிற கதை!

கார்ட்டர் பாம்புகள் தாம்னோஃபிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. கனடா முதல் மத்திய அமெரிக்கா வரை முப்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. பெரும்பாலும் தரையிலும் நீரோரத்திலும் ஊர்ந்து மண்புழு, தவளை, சிறு மீன் தின்று பிழைப்பவை. அவற்றுக்கு வேண்டியது ஓடித் திரிய நீள அகலம். உயரம் அல்ல.

"ரிப்பன் பாம்பு இருக்கிறதே, அது ஏறுமே" என்பார்கள். ஏறும்தான். மெலிந்த உடம்பு, நீரோரப் புதர்களில் படுத்து வெயில் காயும். ஆனால் அது ஏறுவது தாழ்ந்த புதரில். ஆபத்து என்றால் தண்ணீரை நோக்கி ஓடும். சட்டென்று மிரளும் அந்த ஜீவனை நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அலமாரியில் நட்டுவைப்பது எந்த வகை அன்பு? அந்த உயரம் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவரின் கண்மட்டத்துக்காக வந்தது.

செடிக்கும் பாம்புக்கும் ஒத்துப்போகாத விஷயம் இன்னொன்றும் இருக்கிறது. பெரணிக்கும் பாசிக்கும் எப்போதும் ஈரம் வேண்டும். கார்ட்டர் பாம்பு நீரோரத்தில் வாழ்ந்தாலும் படுப்பதற்குக் காய்ந்த இடம் கேட்கும். தரை ஓயாமல் நசநசவென்று இருந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும், தோல் அழுகும். சாப்பாட்டுக்குக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தங்கமீனையே போட்டுக்கொண்டிருந்தால், அந்த மீனில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி பாம்பின் உடம்பிலுள்ள பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். கடைசியில் வலிப்பு, சாவு.

சரி, தரங்கம்பாடியில் ஒருவர் இப்படி ஒரு தொட்டி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடத்தில், பனிக்காலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் உறங்கிவிட்டு வசந்தத்தில் ஆயிரமாயிரமாக வெளியே வருகிற இனம் இது. அதைச் சித்திரை வெயிலில், மின்வெட்டுக்கு நடுவே வங்கக் கடற்கரையில் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். தப்பி ஓடினால்? கார்ட்டர் பாம்பு முட்டையிடாது, குட்டி போடும். ஒரு சினைப்பாம்பு ஒரே தடவையில் இருபது முப்பது குட்டி கூடப் போடும். வளர்ப்புக்கென்று கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி, அரசு தடை போட்ட பிறகும் ஏரி குளங்களில் கிடக்கிறது. அந்தப் பாடம் போதாதா?

இத்தனைக்கும் காவிரிக் கரையில் கார்ட்டர் பாம்புக்கு ஒரு பங்காளி இருக்கிறது. நீர்க்காத்தான் குட்டி! முதுகில் நீளவாக்கில் இரண்டு மஞ்சள் கோடு, விஷம் கிடையாது, பெரும்பாலும் ஒன்றரை அடிதான். கோடையில் பதுங்கிக் கிடந்து, மழை வந்ததும் வரப்பில் பகலிலேயே தவளை தேடித் திரியும். மிரட்டினால் உடம்பைத் தட்டையாக்கி, செதில்களுக்கு நடுவே இருக்கும் நிறத்தைக் காட்டும். அவ்வளவுதான் அதன் வீரம். உயரத்தில் ஏறுகிற பாம்புதான் வேண்டுமா? பச்சைப் பாம்பு இருக்கிறது. கொம்பேறி மூக்கன் இருக்கிறது. பின்னதற்கு விஷமே இல்லை. ஆனால் கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று கதை கட்டி அடிக்கிறார்கள்.

அப்படியானால் இவற்றைப் பிடித்துத் தொட்டியில் விடலாமா? கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதைக் குற்றம் என்கிறது. "அதனால்தான் வெளிநாட்டுப் பாம்பு கேட்கிறோம், பண்ணையில் பிறந்ததுதானே, யாருக்கு நஷ்டம்?" என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஆனால் விமானத்தில் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை திரும்பத் திரும்பப் பிடிப்பது எதைக் காட்டுகிறது? ஆசை பண்ணைக் கதவோடு நிற்பதில்லை.

தரங்கம்பாடிக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். 1771-இல் டேனிஷ் மிஷனுக்கு வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பாதிரியார், இந்தக் கரையின் மீன்களையும் பாம்புகளையும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியவர். பேட்ரிக் ரஸ்ஸல் 1801-இல் மண்ணுளிப் பாம்புக்கு அவர் பெயரையே வைத்தார்: எரிக்ஸ் ஜானி. அந்தப் பாம்பைத்தான் இன்று 'இருதலைப் பாம்பு', வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்று எடை போட்டு லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். அலங்காரத்துக்குக் கேட்பவரும் அதிர்ஷ்டத்துக்குக் கேட்பவரும் வேறு வேறு ஆட்கள்தான். ஆனால் பாம்பு என்ன கேட்கிறது என்று இருவருமே யோசிக்கவில்லை.

நாலடித் தொட்டியில் செடி மட்டும் வளரட்டும், அழகாகத்தான் இருக்கும். பாம்பின் மேல் நிஜமாகவே ஆசை இருக்கிறவர் முதலில் நீர்க்காத்தான் குட்டிக்கும் கட்டுவிரியனுக்கும் வித்தியாசம் கற்றுக்கொள்ளட்டும். முன்னதில் நீளக்கோடு, பின்னதில் குறுக்குக்கோடு. வயலில் ஒரு பாம்பைச் சூழ்ந்துகொண்டு நாலு பேர் கம்பு எடுக்கும்போது "இது கடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுண்ணே, விடுங்க" என்று தள்ளி நின்று சொல்ல ஒரு ஆள் இருந்தால், ஒரு பாம்பு பிழைக்கும். "கிட்ட போகாதீங்க, விரியன்" என்று அதே ஆள் சொன்னால் ஒரு மனிதர் பிழைப்பார்.